ஸ்வீடன் காம்பஸும் மதுரைக் கண்மாயும்

மாசி போய்ப் பங்குனி பிறந்தால் மதுரை ஓட்டக்காரர்களின் காலண்டர் காலியாகிவிடும். ஹாஃப் மாரத்தானும் பத்து கிலோமீட்டரும் பெரும்பாலும் மார்கழி, தையோடு சரி. அதன்பிறகு ஐந்தாறு மாதம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தையும் தெப்பக்குளத்தையும் சுற்றிக்கொண்டு, வெயிலில் வேகம் குறைவதைக் கைக்கடிகாரத்தில் பார்த்து நொந்துகொள்வதுதான் வழக்கம். அந்த மாதங்களை ஓரியண்டீரிங்குக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

விளையாட்டு எளிமையானது. கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். வெளியில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொடி தொங்கும்; இதற்கு கன்ட்ரோல் என்று பெயர். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு யார் முதலில் வருகிறாரோ அவர் ஜெயித்தார். எந்த வழியாகப் போவது என்பது உங்கள் பாடு. கத்திரியில் யாராலும் முழு வேகத்தில் ஓட முடியாது என்பதால், காலைவிடத் தலைக்கு அதிக வேலை வைக்கும் இந்த விளையாட்டு கோடைக்குப் பொருந்துகிறது. கண்மாய் வற்றி, புல் காய்ந்து, கண்ணுக்கு எட்டியவரை தரை தெரிவதும் இப்போதுதான்.

சிக்கல் ஒன்று உண்டு. 1919-இல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் நடத்திய போட்டியிலிருந்து இது வளர்ந்ததே பைன் காடுகளில்தான். பாடமெல்லாம் அந்த ஊர்த் தரைக்கும் அந்த ஊர் வானத்துக்கும் எழுதியது. அப்படியே கொண்டுவந்து கீழக்குயில்குடியில் இறக்கினால் நாலைந்து இடத்தில் காலை வாரிவிடும்.

முதலில் வாருவது காம்பஸ். காந்த முள் வடக்கைக் காட்டுவதோடு நிற்காது, தரையை நோக்கிச் சாயவும் பார்க்கும். ஸ்வீடனில் இந்தச் சாய்வு எழுபது டிகிரிக்கு மேல். அதனால் அங்கே விற்கிற காம்பஸில் முள்ளின் தெற்குப் பாதிக்குக் கொஞ்சம் எடை கூட்டி மட்டமாக நிறுத்தியிருப்பார்கள். நமக்கோ காந்த நடுக்கோடு, அதாவது முள் எந்தப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடி வழியாகவே போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவியதே அந்தக் கோடு பக்கத்தில் இருந்ததால்தான். மதுரையில் சாய்வு சில டிகிரிக்கு மேல் இல்லை. ஆக, வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஆசையாக வாங்கிவந்த காம்பஸில் தெற்கு முனை தொங்கி அடித்தட்டில் உரசும். ஓடும்போது பார்த்தால் முள் வடக்கைப் பிடித்து நிற்பது போலவே இருக்கும். உண்மையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மேசைமேல் மட்டமாக வைத்து, ஒரு சாவியைக் கிட்டே காட்டி முள்ளைக் கலைத்துவிட்டு, சாவியைத் தூரமாக எடுத்துவிடுங்கள். மூன்று முறை செய்தால் மூன்று முறையும் முள் ஒரே இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, எல்லா மண்டலத்துக்கும் பொருந்தும் குளோபல் முள் உள்ளதாக வாங்குவதே நல்லது.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் இங்கே சுமார் இரண்டு டிகிரி. 500 மீட்டர் போனால் 17 மீட்டர் விலகும். அதற்காக யாரும் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். ஓடிக்கொண்டே திசை பிடிப்பதில் ஐந்து டிகிரி பிசகுவது சாதாரணம். 400 மீட்டருக்கு அது 35 மீட்டர். அதைவிட மோசமானது, ஊர்க்கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு அதன் பெட்ரோல் டேங்க்மேல் மேப்பை விரித்துத் திசை பார்ப்பது. இரும்பிலிருந்து நாலு எட்டு தள்ளி நில்லுங்கள். செல்போனும் காம்பஸும் ஒரே கையில் வேண்டாம்.

திசை எடுக்க மூன்றே அசைவுகள். காம்பஸ் தட்டின் விளிம்பை நிற்கிற இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு மேப்பில் ஒட்டி வைக்க வேண்டும், தட்டின் அம்பு போகிற பக்கம் பார்த்திருக்க. அடுத்து, வட்டக் கூட்டைத் திருகி உள்ளே இருக்கும் கோடுகளை மேப்பின் வடக்குக் கோடுகளோடு இணையாக்க வேண்டும். கடைசியாக, காம்பஸை வயிற்றுக்கு நேரே பிடித்து, முள் கூட்டுக்குள் இருக்கும் குறியில் விழும்வரை உடம்போடு திரும்ப வேண்டும். கையை மட்டும் திருப்புவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. கை காட்டும் பக்கம் போகாமல் நெஞ்சு பார்க்கும் பக்கம்தான் கால் போகும்.

சூரியனை நம்பலாமா? பாடத்தில் ‘நண்பகலில் சூரியன் தெற்கே’ என்றிருக்கும். மதுரையில் ஏப்ரல் நடுவில் உச்சி வெயில் நேர் தலைக்குமேல் வந்துவிடும்; அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நிற்பது வடக்கே. ஆனி மாத மத்தியானம் பன்னிரண்டேகால் வாக்கில் நிழல் தெற்கே விழும். காலைச் சூரியனும் ஏமாற்றுக்காரர்தான். ஜூன் மாதம் உதிப்பது நேர்க் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி. ‘சூரியன் கிழக்கே, அப்படியானால் இது வடக்கு’ என்று கிளம்பினால் ஒரு கிலோமீட்டரில் 400 மீட்டருக்கு மேல் தப்பிவிடும்.

சூரியனைவிட நம்பகமான ஒன்று நம் பேச்சிலேயே இருக்கிறது. மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். மலை இருப்பது மேற்கே, தண்ணீர் ஓடுவது கிழக்கே. கீழக்குயில்குடி, மேலக்குயில்குடி என்று பெயர் வைத்தவர்கள் சரிவையும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். ஓரியண்டீரிங் மேப்பில் உயரம் தெரிய ஐந்து மீட்டருக்கு ஒரு கான்டூர் கோடு, அதாவது ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடு, வேண்டும். இந்திய சர்வே துறையின் 1:50,000 மேப்பில் 20 மீட்டருக்கு ஒன்றுதான் இருக்கும்; சமதளத்தில் நாலு கிலோமீட்டருக்கு ஒரு கோடுகூட வராது. அந்தக் குறையைத் தீர்ப்பது கண்மாய். நிறைந்த கண்மாயின் நீர்விளிம்பு ஒரு கான்டூர் கோடுதானே? பிறை வடிவில் கரை இருந்தால் அதன் முதுகு பார்க்கும் பக்கம் பள்ளம், வாய் திறந்திருக்கும் பக்கம் மேடு. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடை கரையின் உடம்பில் இருக்கும். மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்கு பெரும்பாலும் கரையின் ஓரத்தில். கலுங்கிலிருந்து இறங்கும் ஓடையைப் பிடித்துப் போனால் அடுத்த கண்மாய் வந்தே தீரும். இத்தனையும் மனத்தில் ஏறிவிட்டால் மதுரைச் சுற்றுவட்டாரத்தைக் காம்பஸ் இல்லாமலே பாதி படித்துவிடலாம்.

கரையின் பெரிய உதவி வேறொன்று. வெட்டவெளியில் 600 மீட்டர் தள்ளி ஒரு மடையில் கன்ட்ரோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேராக மடையைக் குறிபார்த்து ஓடிக் கரையைத் தொடுகிறீர்கள், மடை இல்லை. இடப்பக்கம் போவதா, வலப்பக்கமா? இந்த நிலையில் ஐந்து நிமிடம் போவது சர்வ சாதாரணம். அதனால் தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே தப்பாகக் குறிவைப்பார்கள். மடைக்கு 50 மீட்டர் இடப்பக்கம் பிடித்து ஓடிக் கரையைத் தொட்டதும், யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பினால் போதும். ஸ்வீடனில் இதற்கு நீளமாக ஓர் ஓடையையோ மின்கம்பி வரிசையையோ தேட வேண்டும். நமக்கு ஊருக்கு ஒரு கரையை முன்னோர்கள் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பனைமர வரிசையும் சேர்த்து.

மேப்பில் நீலமாகத் தெரிவது சித்திரையில் வெடித்த களிமண். குறுக்கே ஓடலாம், வழி பாதியாகக் குறையும். ஆனால் வெடிப்பில் ஷூவின் நுனி மாட்டினால் கணுக்கால் பிசகும். வண்டலும் கரம்பையும் அள்ளிய குழிகள் எந்த மேப்பிலும் இருக்காது. போன வாரம் சமமாக இருந்த இடத்தில் இந்த வாரம் இடுப்பளவு பள்ளம் இருக்கும். கண்மாயின் உள்வாயில் ஓடும்போது பார்வை மேப்பில் பாதி, பத்தடி முன்னால் பாதி.

பச்சை நிறம் இன்னும் பெரிய வம்பு. ஓரியண்டீரிங் மேப்பில் வெள்ளை என்றால் ஓடக்கூடிய காடு, மஞ்சள் என்றால் திறந்தவெளி, பச்சை அடர அடர நடக்கக்கூட முடியாத புதர். நம் ஊரில் பச்சை என்றால் சீமைக் கருவேலம். போன வருஷம் கரி மூட்டத்துக்கு வெட்டிய இடம் மொட்டையாக இருக்கும். இரண்டு மழை விழுந்தால் அதே இடம் ஆள் உயரத்துக்கு அடைத்துவிடும். எனவே மேப் எவ்வளவு அழகாக இருந்தாலும் எந்த மாதம் சரிபார்த்தது என்று கேட்காமல் பச்சையை நம்ப வேண்டாம்.

கருவேல முள் விரல் நீளம் இருக்கும். விலை கூடிய ஷூக்களின் மெத்தென்ற அடிப்பாகம் அதற்கு வெண்ணெய். பாதத்தில் உடனே குத்தினால்கூடப் பரவாயில்லை. பல சமயம் முள் ஷூவின் அடியில் பாதி ஏறி அங்கேயே ஒடிந்து நிற்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு மில்லிமீட்டர் மேலே வந்து, மூன்றாம் நாள் தார்ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கையில் குதிகாலில் இறங்கும். ஓடி முடித்ததும் ஷூவைக் கவிழ்த்து, அடியில் கருப்புப் புள்ளி தெரிகிற இடமெல்லாம் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் இடறுகிற இடத்தில் சின்னக் குறட்டால் நேராக இழுக்க வேண்டும்; பக்கவாட்டில் ஆட்டினால் நுனி உள்ளே தங்கிவிடும். ஷூவுக்குள்ளும் கையை விட்டுப் பாருங்கள், மெதுவாக. அடியில் ராக் பிளேட் என்ற கெட்டித் தகடு வைத்த மலை ஷூ எடுத்தால் பாதித் தொல்லை குறையும். அரைக்கால் சட்டை இந்த விளையாட்டுக்கு ஆகாது. கணுக்கால்வரை மூடிய டைட்ஸ் போடுங்கள்.

உயிருக்கே ஆபத்தானது மொட்டைக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரை மட்டத்தில் வாயைத் திறந்து கிடக்கும். விளிம்பைச் சுற்றிப் புல் நிற்கும். போட்டி அமைப்பவர் முந்தின நாளே எல்லாக் கிணறுகளையும் நடந்து பார்த்து மேப்பில் ஏற்றி, கயிறு கட்டிவிட வேண்டும். அதன் 50 மீட்டர் சுற்றளவில் கன்ட்ரோல் வைக்கக்கூடாது. மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகளுக்கும் இதே கதைதான். செங்குத்தாக அறுத்த சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். அந்தப் பகுதி முழுவதையும் மேப்பில் தடைசெய்த பகுதியாகக் கோடிட்டு அடித்துவிடுவதே புத்தி. பாறை இடுக்குகளில் சுருட்டை விரியன் இருக்கும், கன்ட்ரோலைத் தேடிக் கையை விடாதீர்கள். கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மலைகளைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு மீட்டர் ஏற்றம் பத்து மீட்டர் சமதளத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகமலை மாதிரி நீளமான முதுகின் அந்தப் பக்கம் கன்ட்ரோல். நேராக ஏறி இறங்கினால் 500 மீட்டர், ஏற்றம் 60 மீட்டர். சுற்றிப் போனால் 900 மீட்டர். ஏறுவதன் உண்மையான விலை 500-ம் 600-ம் சேர்ந்து 1100. சுற்று வழிதான் லாபம். இந்தக் கணக்கு குளிர்ந்த நாட்டில் போட்டது. எட்டு மணிக்கு மேல் சூடேறிய பாறையில் ஏறுவதற்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சமணர் மலை, யானைமலைச் சிற்பங்களும் படுகைகளும் இருக்கிற இடம் பாதுகாக்கப்பட்டது. அங்கே கொடி கட்டுவது என்ற பேச்சே வேண்டாம். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, அங்கேயும் அப்படித்தான். அழகர்மலைப் பக்கம் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. கரைமேல் இருக்கும் அய்யனார் கோயில் மேப்பில் அருமையான அடையாளம், ஆனால் குதிரைச் சிலையின் கழுத்தில் கன்ட்ரோலைத் தொங்கவிட்டால் ஊரார் உங்களைத் தொங்கவிடுவார்கள்.

ஊருக்குள்ளேயே பழக வேண்டுமென்றால் கோயிலைச் சுற்றிய வீதிகள். சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கடுக்காகச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. தெருப் பெயரே ஆயத்தொலைவு. ஊருக்கான ஸ்பிரின்ட் மேப் 1:4000, அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு 40 மீட்டர். இதில் ஏமாறுவது முட்டுச் சந்துகளில். மேப்பில் தாண்டக்கூடாத சுவர் தடித்த கருப்புக் கோடு. மெல்லிய கோடு என்று நினைத்து உள்ளே போனால் யாருடைய வீட்டு முற்றத்திலாவது போய் நிற்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் மட்டும்தான் இது நடக்கும். கன்ட்ரோலைத் தொட்டதைப் பதிவு செய்யும் செல்போன் ஆப்பின் ஜிபிஎஸ் இந்தச் சந்துகளில் பத்திருபது மீட்டர் தள்ளிக் காட்டும், அதனால் கன்ட்ரோலைத் தெரு முக்குகளில் வையுங்கள்.

வார நாட்களுக்கும் ஒரு பயிற்சி உண்டு. வண்டியூர்த் தெப்பக்குளம் சுமார் 1000 அடிக்கு 950 அடி. ஒரு சுற்று ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர். ஓடிக்கொண்டே பழைய மேப் ஒன்றைப் படியுங்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு லெக்குக்கு (ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்தது வரை) வழி முடிவு செய்ய வேண்டும், திருப்பத்தில் மேப்பையும் தொண்ணூறு டிகிரி திருப்ப வேண்டும். மேப் எப்போதும் நிலத்தோடு ஒத்து நிற்கட்டும். கட்டைவிரல் நீங்கள் இருக்கும் இடத்தில் நகர்ந்துகொண்டே வரட்டும். நடைப் பயிற்சிக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பழகிவிடும். தூரத்தைக் காலால் அளக்க, ரேஸ்கோர்ஸில் 100 மீட்டருக்கு இடது கால் எத்தனை முறை பதிகிறது என்று எண்ணி வையுங்கள். அதே எண்ணை வைகை மணலிலும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது.

வெயிலைப் பற்றி: மே மாதம் வெளிச்சம் ஐந்தரைக்கு வந்துவிடும், சூரியன் ஆறுக்குச் சற்று முன். ஏழரைக்குள் கடைசி ஆளும் ஃபினிஷைத் தொட்டுவிட வேண்டும். நாலு கிலோமீட்டர், பன்னிரண்டு கன்ட்ரோல், நாற்பத்தைந்து நிமிடம். அதற்கு மேல் கோடையில் தேவையில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும், முதல் வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு லிட்டர் நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்பு. நீராகாரமும் பிரமாதம். ஓஆர்எஸ் என்றால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ‘ஸ்ட்ராங்காக இருக்கட்டும்’ என்று அரை லிட்டரில் போட்டால் தாகம்தான் கூடும். ஜிகர்தண்டா எல்லாம் ஓட்டம் முடிந்த பிறகு.

ஓட்டப் பந்தயத்தில் இல்லாத ஒரு சௌகரியம் இதில் உண்டு: வெயில் தலைக்கேறுவதை மேப் முதலில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே இடத்தை மூன்று முறை பார்த்தும் புரியவில்லை, எத்தனையாவது கன்ட்ரோல் என்று மறந்துவிட்டது என்றால், நிழலில் உட்காருங்கள். இன்னொருவர் உளறினாலோ தள்ளாடினாலோ, வியர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கேயே தண்ணீரைக் கொட்டி, விசிறி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வைத்து, 108-ஐ அழையுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் தூக்கிப் போவது.

ஏப்ரல், மே மாதங்களில் ஊரே ஐபிஎல்லில் மூழ்கியிருக்கும். இந்த விளையாட்டை டிவியில் தேடாதீர்கள், ஒவ்வொருவரும் ஓடிய வழியை மேப்பில் காட்டும் ஜிபிஎஸ் ரீப்ளேயில் பாருங்கள். ஜூன் நடுவில் பின்லாந்தில் யுகோலா. 1949-இல் தொடங்கிய இரவுத் தொடர் ஓட்டம், ஆளுக்கு ஒரு லெக்காக ஏழு பேர், தலையில் விளக்கோடு. அங்கே சனிக்கிழமை இரவு 11 மணி, நமக்கு ஞாயிறு அதிகாலை ஒன்றரை. பெண்களின் வென்லா நமக்குச் சனிக்கிழமை மாலை நாலரைக்கு. ஜூலையில் ஸ்வீடனில் ஐந்து நாள் ஓ-ரிங்கன். ஸ்வீடனின் உலக சாம்பியன் டூவே அலெக்சாண்டர்சன் ஓடினால் தவறவிடாதீர்கள். யார் முன்னால் போகிறார் என்பதைவிட, ஒவ்வொரு கன்ட்ரோலையும் விட்டு வெளியேறும் முதல் ஐம்பது மீட்டரைப் பாருங்கள். சாதாரண ஆள் கொடியைத் தொட்டுவிட்டு நின்று மேப்பைத் திருப்புவார். தேர்ந்தவர் தொடுவதற்கு முன்பே அடுத்த திசையை முடிவு செய்திருப்பார். பன்னிரண்டு கன்ட்ரோலில் தலைக்கு எட்டு வினாடி என்றாலும் ஒன்றரை நிமிடம் போச்சு. சக்கிமங்கலத்திலிருந்து வந்து 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 × 400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய ரேவதி வீரமணியின் வேகம் நமக்கு வராது. அந்த ஒன்றரை நிமிடத்தை மிச்சம் பிடிப்பது யாருக்கும் வரும்.

சொந்தமாக மேப் போட ஓப்பன் ஓரியண்டீரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருள் போதும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடியில் வைத்து, ஒவ்வொரு மடை, பனை, பாறை, புற்றையும் நடந்து பார்த்து ஏற்ற வேண்டும். கணினி சென்டரில் பிரிண்ட் எடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற குறியை எடுக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் மேப் சத்தமில்லாமல் சுருங்கிவிடும். 1:10,000 மேப்பில் ஒரு கிலோமீட்டர் அளவுகோல் ஸ்கேலில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். லேசர் பிரிண்டே நல்லது, இங்க்ஜெட் மை வியர்வையில் கரையும்.

கொடி முப்பது சென்டிமீட்டர் சதுரம், மூன்று பக்கம். தையல்காரரிடம் கொடுத்தால் அரை மணி வேலை. ஆரஞ்சு கிடைக்கவில்லை என்று காவித் துணி எடுத்தால் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். காகிதத்தில் ஒட்டினால் ஆடு தின்றுவிடும். முந்தின நாளே ஆடு மேய்க்கும் கீதாரிகளிடமும் கரையில் மாடு மேய்ப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கொடியை அவிழ்த்துப் பத்திரமாக வீட்டில் வைத்திருப்பார்கள். எண்ணிக் கட்டிய பன்னிரண்டும் எட்டு மணிக்குள் எண்ணித் திரும்பியிருக்க வேண்டும்.

அன்றைக்கே உட்கார்ந்து மேப்பைத் திருத்திவிடுங்கள். புதுக்குழி, வெட்டிய கருவேலம், விழுந்த பனை. கோப்பை ‘சித்திரை’ என்று பெயரிட்டுச் சேமித்து, ‘கார்த்திகை’ என்று ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாய் நிறைந்த பிறகு பன்னிரண்டில் நாலு கன்ட்ரோல் தண்ணீருக்குள் போய்விடும். அவற்றை அந்த நகலில் கரைமேல் ஏற்ற வேண்டியிருக்கும்.